நனையாத ஊர்

அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரில் நனைவது ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு நின்றுபோயிற்று. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் சலூன் கடிகாரம். அப்போது ஒரு லாரி ஓட்டுநர் நாற்காலியில் தலை சாய்த்துக் கிடந்தார். சலூன்காரர் அவர் கன்னத்தில் நுரை பூசினார். நுரை வழுக்கி ஓட்டுநரின் மடியில் விழுந்தது. மறுபடி பூசினார், மறுபடி விழுந்தது. சோப்பை மாற்றினார், பிரஷை மாற்றினார், கடைசியில் பொறுமையிழந்து ஒரு குவளைத் தண்ணீரை அள்ளி முகத்திலேயே வீசினார். தண்ணீர் மணிமணியாக உருண்டு, ஒரு சொட்டுகூடத் தங்காமல் தரையில் சிதறியது. "என்னண்ணே, என் மேல ஏதாவது கோபமா?" என்று ஓட்டுநர் கேட்டார். கேட்ட முகம் அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்ததுபோல் உலர்ந்திருந்தது. சலூன்காரர் குழாயைத் திறந்து தன் கையை நீட்டிப் பார்த்தார். அதுவும் நனையவில்லை. கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

சலூன்காரரின் தங்கைதான் ஊர்க் குடிநீர் நிலையத்தின் பரிசோதகர். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. கூடப்பிறந்த அண்ணனே சில நேரம் மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிடுவார். பம்பு அறைக்குப் பின்னால் நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு சிறிய அறை, ஒரு தொட்டி, வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு மேசை, இதுதான் அவருடைய ராஜ்ஜியம். தினமும் காலை ஏழு மணிக்கு ஆற்றிலிருந்து ஒரு பாட்டில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில், கடைசித் தெருக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துவந்து பதினோரு சோதனைகள் செய்வார். அச்சடித்த படிவத்தில் அதற்குப் பதினோரு கட்டங்கள் இருந்தன. கலங்கல், குளோரின், உப்பு, இரும்பு என்று வரிசையாகப் போகும். அடியில் 'குடிக்க உகந்தது' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் அவர் வேலை. அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்து விஷயத்தைச் சொன்ன அன்று, அவர் பதினோரு சோதனைகளையும் இரண்டு முறை செய்தார். எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

ஆறு ஓடிவரும் திசையில், எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலை இருந்தது. ஒட்டாத சட்டிகளுக்கும் நனையாத மழைக்கோட்டுகளுக்கும் வேண்டிய பூச்சை அங்கே தயாரித்தார்கள். லேப் அக்காவின் கணவர் அங்கே காலியான டிரம்களைக் கழுவும் பிரிவில் இருந்தார். கழுவிய தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போயிற்று. சோப்புத் தண்ணீர்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கால்வாயில் நுரை பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். லேப் அக்காவின் கணவருக்கு ஊரில் 'டிரம்' என்றே பெயர். மனிதர் மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார், ஆனால் விசில் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஊர் நனையாமல் போனதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் நனைவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் அதைப்பற்றி ஒரு சண்டைகூட நடந்திருக்கிறது. "குளிச்சேன் குளிச்சேன்னு சொல்றீங்க, துண்டு காய்ஞ்சு கெடக்குதே, யாரை ஏமாத்துறீங்க?" என்று லேப் அக்கா கேட்கப்போக, அவர் வாளித் தண்ணீரை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக் காட்டினார். முற்றமெல்லாம் தண்ணீர், அவர் மேல் மட்டும் இல்லை. லேப் அக்கா, "சரி, உங்க உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிற்காலத்தில் அவர் விசாரணையிலும் மறைக்காமல் சொன்னார்.

முதல் வருஷம் ஊருக்கு அது ஒரு வசதியாகத்தான் இருந்தது. புழுதி ஒட்டவில்லை, கரி ஒட்டவில்லை. மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள் அரசாங்க அதிகாரிகளைப்போல வெள்ளைவெளேரென்று வீடு திரும்பினார்கள். கொசு கையில் உட்கார்ந்தால் சறுக்கிக்கொண்டு போயிற்று. மழையில் பிள்ளைகள் நடந்து வந்தால் சட்டை சொட்டச்சொட்ட இருக்கும், சட்டைக்குள் பிள்ளை உலர்ந்திருக்கும். துண்டு விற்கிற கடைக்காரர் தலையணை உறைக்கு மாறினார். குடிப்பதற்கு ஒரு தடையும் இல்லை. தண்ணீர் தொண்டையில் முன்பைவிட வேகமாக இறங்கியது.

பிறகுதான் ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கியது. மருத்துவமனையில் பிளாஸ்திரி ஒட்டவில்லை; நர்ஸ் ஊசிக் குழாயைத் துணியால் கட்டி வைத்தார். பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மையில் தோய்த்து எடுத்தால் மை தோய்ந்த அடையாளமே இருக்காது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அந்த ஊரில் சட்டப்படி இல்லாதவர்கள் ஆனார்கள். தெருவைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து பிள்ளையின் கை மீன்போல வழுக்கியது. லேப் அக்கா தன் பன்னிரண்டு வயது மகளின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சந்தைக்குப் போவார். அதற்கும் பிறகு, கண்ணுக்குத் தெரியாதவையும் நழுவின. முதலில் கோபம். அடிதடி வரை போன ஒரு வேலித் தகராறில் இரண்டு பக்கத்தாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேயில்லை. காவல் நிலையத்தில் நாற்காலிகளில் தூசி படிந்தது. அதன்பின் சந்தோஷமும் அப்படித்தான் ஆயிற்று. பரீட்சையில் முதலாவதாக வந்த பெண்ணின் வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் வாயில் இனிப்பு கரைவதற்குள் எதற்கென்று மறந்துபோனார்கள். யாரும் குறைசொல்லவில்லை. குறையும் யாரிடத்திலும் தங்கவில்லை.

டிரம்முக்கு மூன்றாம் வருஷம் சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிறகு எல்லாம் வற்றியது. மருத்துவமனையில் ஜன்னலோரப் படுக்கையில் ஒன்றரை மாதம் கிடந்தார். ஒரு நாள் அவர் மனைவியிடம், "நான் கழுவின தண்ணியைத்தானே நீ தெனமும் சோதிச்சிருக்க" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறோம் என்று இப்போதுதான் கவனித்தவர்போலச் சொன்னார். லேப் அக்கா, "ஆமாங்க" என்றார். இரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தேநீர் கொடுக்கிறவர் போனதற்கும் டாக்டர் வந்ததற்கும் நடுவில் அவர் இறந்துபோனார். மகளும் தாயும் அழுதார்கள். கண்ணீர் கன்னத்தில் நிற்காமல் பாதரசம்போல உருண்டு தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. வார்டைக் கூட்டுகிற பெண் வந்து, "காலைத் தூக்கும்மா" என்று சொல்லி அதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணிக்கு லேப் அக்காவுக்குப் பசித்தது. சாப்பிட்டார். மகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்க் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினாள்.

ஒன்பதாம் நாள் காலை லேப் அக்கா அலமாரியைத் திறந்தார். கணவரின் நான்கு சட்டைகள் மடித்தபடி இருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். சட்டை வாசனை வந்தது, வேறொன்றும் வரவில்லை. அப்படியே சட்டையும் கையுமாகச் சலூனுக்கு நடந்தார். அண்ணன் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அவர் போயி ஒன்பது நாளாச்சு."

"ஆமா, ஒன்பது ஆச்சு."

"உனக்கு ஏதாவது தோணுதா? உண்மையைச் சொல்லு."

சலூன்காரர் உண்மையாகவே யோசித்தார். மைத்துனரும் அவரும் இருபது வருஷம் ஒன்றாகச் சீட்டு விளையாடியவர்கள். "காலையில பல் தேய்க்கறப்ப என்னமோ வந்துச்சு. இப்ப இல்ல."

"எனக்குப் பல் தேய்க்கறப்பகூட வரலண்ணா. பதினேழு வருஷம் ஒண்ணா இருந்த மனுஷன். அவர் சட்டைதான் இது. நானும் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன், ஒண்ணுமே வரமாட்டேங்குது."

சலூன்காரர் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்தார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, பிறகு அவிழ்த்தார். அந்த ஊரில் அந்த வருஷத்தில் நடந்த மிகப் பெரிய துக்க நிகழ்ச்சி அதுதான் என்று சொல்லலாம்.

அன்றைக்கே லேப் அக்கா ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துத் தொலைவிலுள்ள பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடிவுசெய்தார். முடிவு மத்தியானத்துக்குள் வழுக்கிப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அலமாரிக் கதவின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'உன் கணவர் இறந்துவிட்டார். தண்ணீரில் ஏதோ இருக்கிறது. கையெழுத்துப் போட்டது நீ.' தினமும் காலையில் கதவைத் திறந்து இதைப் படித்த பிறகே வேலைக்குக் கிளம்பினார். பொட்டலத்தில் தபால் தலை ஒட்டவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நாக்கு ஈரமே இல்லை. மகள் ஊசியில் நீல நூல் கோத்து நான்கு மூலையிலும் தைத்தாள். தபால் குமாஸ்தா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தைக்கக் கூடாதென்று அதில் எங்கும் இல்லாததால் முத்திரை குத்தினார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தண்ணீரில் ஒரு பொருள் இருந்தது. அதன் பெயரே ஒன்றரை வரி நீண்டது, ஒரே மூச்சில் படிக்க முடியாது. கொதிக்கவைத்தால் போகாது, குளோரினுக்கு அசையாது, மண்ணில் மக்காது. உடம்பிலிருந்து பாதி வெளியேறவே நாலு வருஷம் பிடிக்கும். கடைசியில் ஒரு குறிப்பு: 'இப்பொருளுக்கு அனுமதிக்கத்தக்க அளவு எதுவும் இதுவரை வரையறுக்கப்படவில்லை.' லேப் அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு குடிநீர் நிலையப் பொறியாளரின் அறைக்குப் போனார். பொறியாளர் நல்ல மனிதர், அவரும் அதே தண்ணீரைக் குடிப்பவர்.

"அளவே வரையறுக்கலன்னா, அளவு மீறிடுச்சுன்னு எப்படிம்மா சொல்றது?"

"மீறிடுச்சுன்னு சொல்ல வேண்டாம் சார். இருக்குன்னு சொல்லலாமே."

"எங்க சொல்வீங்க? படிவத்துல கட்டமே இல்லையே."

லேப் அக்கா அவர் மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்து, படிவத்தில் பதினோராவது கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டார். அதில் அந்த ஒன்றரை வரிப் பெயரை எழுதி, எதிரே 'உண்டு' என்று எழுதினார். அடியில் அச்சடித்திருந்த 'உகந்தது' என்பதை அடித்து 'உகந்ததல்ல' என்றாக்கிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் அப்படியே செய்தார். பொறியாளருக்குக் கோபம் வந்தது. விளக்கம் கேட்டு ஒரு மெமோ தட்டச்சு செய்யச் சொன்னார். தட்டச்சாகி வருவதற்குள் கோபம் போய்விட்டது, மெமோவை இழுப்பறையில் போட்டார். அப்படிக் கையெழுத்தாகாத மெமோக்கள் நாற்பத்து மூன்று பின்னாளில் அந்த இழுப்பறையிலிருந்து எடுக்கப்பட்டன.

காலையில் பொதுக்குழாய்க்கு முன்னால் நின்று லேப் அக்கா அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டவும் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் அதிர்ந்துபோனார்கள். "ஐயையோ, இதையா நம்ம குடிக்கறோம்? பிள்ளைங்களுக்கும் இதைத்தானே கொடுக்கறோம்?" என்று குடத்தைக் கவிழ்த்தார்கள். ஒரு அம்மாள் வாயில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை அதே வரிசை, அதே குடம். லேப் அக்கா படித்தார், அவர்கள் முதல் தடவை கேட்பவர்களைப்போல அதிர்ந்தார்கள், அதே அம்மாள் அதே மாதிரி வாயில் அடித்துக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டு காலைகள் இப்படிப் போயின. லேப் அக்காவுக்கும் சில நாள் படித்துக்கொண்டிருக்கும்போதே எதற்குப் படிக்கிறோம் என்று நழுவிவிடும். அப்போது காகிதத்தை மடித்து வீட்டுக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்து படித்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். வரிசை அதுவரை காத்திருந்தது.

ஊருக்குள் எதுவும் ஒட்டாவிட்டாலும் படிவங்கள் மாதந்தோறும் தலைமை அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே ஒரு குமாஸ்தா, பக்கம் புரட்டுவதற்காக ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு வேலை பார்ப்பவர், கையால் வரைந்த பன்னிரண்டாவது கட்டத்தைப் பார்த்தார். அந்த நகரத்தின் தண்ணீர் வேறு. அவருக்கு அது ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மேலதிகாரியிடம் போனார், அவர் தனக்கு மேலே போனார், கடைசியில் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை ஆணையம் வந்து பள்ளிக்கூடக் கூடத்தில் உட்கார்ந்தது. நீதிபதி தன் குடிநீரை கேன்களில் கொண்டுவந்திருந்தார்.

விசாரணை முதல் நான்கு நாளும் தொழிற்சாலைக்குச் சாதகமாகவே போயிற்று. கம்பெனி வழக்கறிஞர் ஒவ்வொருவரையும் மரியாதையாக உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன கஷ்டம்? சொல்லுங்க" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றார்கள். பொய்யில்லை. வயிற்றில் கட்டி வளர்ந்த துணிக்கடைக்காரரும், பிறந்த பிள்ளையை இழந்த பெண்ணும், "நல்லாத்தான் இருக்கோம்" என்றார்கள். எழுதத் தெரியாதவர்களின் வாக்குமூலத்தில் விரல்ரேகை விழவில்லை. அவை செல்லாதவையாக ஒதுக்கப்பட்டன. ஐந்தாம் நாள் லேப் அக்கா சாட்சிக் கூண்டாக வைத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காலையில் அலமாரிக் கதவை மூன்று முறை படித்துவிட்டு வந்திருந்தார்.

"உங்க கணவர் எங்க கம்பெனியில வேலை பார்த்தவர். அவர் தவறினதுக்கு எங்க அனுதாபம். அவர் இறந்தப்ப அழுதீங்களா?"

"அழுதேன். மூணு மணி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"பசிச்சுது."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வழக்கறிஞர் நீதிபதியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இப்ப அவரை நினைச்சா உங்களுக்கு வருத்தமா இருக்கா? உள்ளதைச் சொல்லுங்க."

"இல்லைங்க."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்லைங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். என் புகாரே அதுதாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். லேப் அக்கா குரல் உயராமல் மேலும் சொன்னார்: "என் கையெழுத்தோடதான் அந்தத் தண்ணி எல்லா வீட்டுக்கும் போச்சு. அதுக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. தோணணும்ல? அதையும் எழுதிக்குங்க." நீதிபதி எழுதிக்கொண்டார். அவர் கண் கலங்கி, நீர் கன்னத்தில் வழிந்து அங்கேயே நின்றது. கூடத்திலிருந்தவர்கள் அதை ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். பல வருஷமாக அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை.

தொழிற்சாலை மூடப்பட்டது. ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு ஆற்றங்கரையில் வேறொரு பெயரில் திறந்ததாகச் செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு அதிர்ந்து, மறந்தார்கள். மலை ஏரியிலிருந்து புதுக் குழாய் பதிக்க மூன்று வருஷமாயிற்று. புதிய படிவத்தில் பன்னிரண்டு கட்டங்களை அச்சடித்தே அனுப்பினார்கள். லேப் அக்கா அதில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்து, அறுபது வயதில் ஓய்வுபெற்றார். புதுத் தண்ணீரில் பிறந்த குழந்தைகள் நனைந்தன. அவற்றைக் குளிப்பாட்டியவர்களின் கைகள் உலர்ந்தே இருந்தன.

மகள் படித்து முடித்து வேறு நகரத்தில் வேலைக்குப் போனாள். ஒரு கட்டிட அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. அங்கே போய் ஆறாவது வருஷம், ஒரு புதன்கிழமை மத்தியானம், கைகழுவிவிட்டு வந்தவளின் காகிதத்தில் ஈரமாக ஒரு கை அச்சு விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா," என்றாள், "அப்பா செத்துட்டாரும்மா."

லேப் அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கணவர் இறந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. "ஆமாம்மா," என்றார். "எப்ப தெரிஞ்சுது?" "இப்பத்தாம்மா." "சரி, அழு. நான் போனை வெக்க மாட்டேன், நீ அழு." அவள் இரண்டு மணி நேரம் அழுதாள். அப்பா விசில் அடித்ததைச் சொன்னாள், கட்டிலுக்கு அடியில் ஓடிய கண்ணீரைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னாள். லேப் அக்கா ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினார். அவருக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை. மகளின் அலுவலகத்தில் விடுப்பு கேட்டபோது இறந்த தேதியைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். அவள் அழுகையைப் பார்த்த பிறகு கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரிலும் ஆங்காங்கே துக்கம் வரத் தொடங்கியது. கட்டி முற்றி இறந்துபோன துணிக்கடைக்காரரின் மனைவிக்கு ஒரு காலைப்பொழுதில் வந்தது. பிறந்த பிள்ளையை இழந்த பெண்ணுக்குப் பத்தொன்பதாம் வருஷம், பேருந்தில் வந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார், பயணிகள் இறங்கி நிழலில் நின்றார்கள். நகராட்சி ஒரு தீர்மானம் போட்டு, தாமதமாக வந்து சேரும் துக்கத்துக்கும் வழக்கமான விடுப்பு உண்டு என்று அறிவித்தது. விண்ணப்பத்தில் தேதிக்கான கட்டத்தை எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டில் திடீரென்று அழுகைச் சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்காருகிறார்கள். யார் என்று மட்டும் கேட்பார்கள். எப்போது என்று கேட்பதில்லை. லேப் அக்காவுக்கு இன்னும் வரவில்லை. வயது எழுபத்தொன்று ஆகிறது. அவர் அதைப்பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. எல்லா வீடுகளுக்கும் அவர்தான் முதல் ஆளாகப் போகிறார், ஈரமில்லாத கையால் முதுகைத் தடவிக்கொடுக்கிறார், திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தாழ்போடாமல் சாத்திவைக்கிறார்; வருகிறவர்கள் வருவதற்கு வசதியாக.